சைன் தீட்டா எங்கிருந்து வந்தது?

கேள்வி: இயற்பியல் இளங்கலை படிக்கிறேன். கோளத்தின் மையத்தில் ஒரு மின்னூட்டம். கோளத்தின் ஆரம் ஆர். பரப்புக் கூறின் (பரப்பின் மிகச் சிறு துண்டின்) இரு பக்கங்களையும் ஆர் டி-தீட்டா, ஆர் டி-ஃபை என்று வைத்துத் தொகையிட்டால், மின்பாயம் (பரப்பைக் கடக்கும் மின்புலத்தின் மொத்த அளவு) காஸ் விதி (மூடிய பரப்பின் மின்பாயத்தை உள்ளிருக்கும் மின்னூட்டத்தோடு இணைக்கும் விதி) சொல்வதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலே வருகிறது. கேட்டால், "சைன் தீட்டா போடணும், மனப்பாடம் பண்ணிக்கோ" என்கிறார்கள். ஏன் போட வேண்டும்?
– கல்லூரி மாணவி, ஏற்காடு

பதில்: தயவுசெய்து மனப்பாடம் செய்யாதீர்கள். காரணம் தெரியாமல் நெட்டுருப் போட்டது தேர்வு முடிந்ததும் போய்விடும்.

டி-ஃபை என்பது கோணம், நீளம் அல்ல. அதை நீளமாக்க, அந்தக் கோணம் எந்த வட்டத்தில் சுற்றுகிறதோ அந்த வட்டத்தின் ஆரத்தால் பெருக்க வேண்டும். தீட்டா வடதுருவத்திலிருந்து தெற்கே இறங்குகிறது. அதன் வட்டத்துக்கு எங்கேயும் ஆரம் ஆர்தான். ஃபை அச்சைச் சுற்றிக் கிழக்கு மேற்காகப் போகிறது. அதன் ஆரம் அச்சிலிருந்து உள்ள தூரம், அதாவது ஆர் சைன் தீட்டா.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஏற்காடு ஏறத்தாழ 11.8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. துருவத்திலிருந்து அளந்தால் தீட்டா 78.2 டிகிரி; அதன் சைன் 0.98. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி தீர்க்கத்தின் அகலம் சுமார் 111 கி.மீ., சேலம் வட்டாரத்தில் 109 கி.மீ. இங்கே சைனை விட்டுவிட்டாலும் பெரிதாகத் தெரியாது. 60 டிகிரி வடக்கே, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் போனால் அதே ஒரு டிகிரி 56 கி.மீ.தான். துருவத்தில் பூஜ்யம்.

நீங்களோ துருவத்தருகே உள்ள துண்டுக்கும் நடுக்கோட்டின் அகலத்தையே கொடுத்துவிட்டீர்கள். அப்படிச் செய்தால் கிடைப்பது கோளத்தின் பரப்பே அல்ல. 2 பை ஆர் சுற்றளவும் பை ஆர் உயரமும் கொண்ட ஓர் உருளையின் பக்கப் பரப்பு. கோளத்தின் பரப்பு அதே சுற்றளவும் 2 ஆர் உயரமும் கொண்ட உருளையின் பக்கப் பரப்புக்குச் சமம் என்று ஆர்க்கிமிடீஸ் அன்றைக்கே நிறுவிவிட்டார். பையை 2-ஆல் வகுத்தால் 1.57. உங்களுக்கு வந்த அந்த ஒன்றரைச் சொச்சம் இதுதான்!

மின்புலம் ஆர் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது, பரப்பு ஆர் வர்க்கமாக வளர்கிறது. இரண்டும் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது சைன் தீட்டா டி-தீட்டா டி-ஃபை. முழுக் கோளத்துக்கும் தொகையிட்டால் 4 பை. சைனைத் தூக்கிவிட்டால் காஸ் விதியே நிற்காது.

இன்னொன்று. கணிதப் புத்தகங்கள் பலவற்றில் தீட்டாவும் ஃபையும் இடம் மாறியிருக்கும். எந்தக் கோணம் துருவத்திலிருந்து அளக்கப்படுகிறது என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள். சைன் அந்தக் கோணத்துக்குத்தான்.

இப்போது தீட்டாவை 0 முதல் 60 டிகிரி வரை மட்டும் தொகையிட்டுப் பாருங்கள். பூமியில் அது ஹரித்வாரை ஒட்டிப் போகும் 30 டிகிரி அட்சக்கோட்டுக்கு வடக்கே உள்ள பகுதி. மொத்த மின்பாயத்தில் சரியாகக் கால்பங்கு வர வேண்டும். சைன் இல்லாமல் போட்டால் அதே சரியான மொத்தத்தில் பாதிக்கும் மேலே வரும். இரண்டையும் உங்கள் கையாலேயே போட்டுப் பாருங்கள்.