ஹைப்ரிட் காருக்கு அகல டயரா?

கேள்வி: எங்கள் கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் 48,000 கி.மீ. ஓடிவிட்டது. கடைக்காரர் 225 அகல டயர் போடச் சொல்கிறார். போடலாமா? – வாசகர், தென்காசி

பதில்: வேண்டாம் சார். உங்கள் வண்டிக்கு உரியது 215/60 R17, அதாவது 215 மி.மீ. அகலம். அகலம் கூடினால், உருளும்போது வண்டியைப் பின்னிழுக்கும் இழுவையும் கூடும். பெட்ரோலை மிச்சப்படுத்தத்தானே ஹைப்ரிட் வாங்கினீர்கள்? அளவுக்குப் பக்கத்தில் 96H என்றிருக்கும். ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்பதற்கான குறி 96. இந்த எண் குறைந்ததை விலை மலிவு என்று வாங்காதீர்கள்.

உருளும் இழுவை குறைவானதைக் கேளுங்கள். மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பிஇஇ (BEE) தரும் நட்சத்திரம் இருந்தால் ஒப்பிட எளிது. ஆனாலும் குற்றாலச் சாரலில் ஓட்டுபவர் நீங்கள். லிட்டருக்கு அரை கிலோமீட்டர் போனாலும் போகட்டும், ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கும் டயர்தான் வேண்டும் என்பேன். உள்ளே இருப்பது உங்கள் குடும்பம்.

பணம் கொடுக்கும் முன் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைப் பாருங்கள். 3524 என்றால் 2024-ன் 35-வது வாரம். அப்புறம், புது டயரில் தொடக்கத்தில் மைலேஜ் கொஞ்சம் குறையும், பதறாதீர்கள். இந்த வண்டியில் மோட்டார் இழுப்பதும் பிரேக்கில் மின்சாரம் எடுப்பதும் முன்சக்கரங்களில்தான். அவையே முதலில் தேயும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்கள். இப்போதைக்கு இரண்டுதான் வாங்க முடியுமென்றால் சரி, முன்னால் தேய்ந்திருந்தாலும் புதியவை பின்னால்; ஈரத்தில் வண்டியின் பின்பக்கம் சறுக்காமல் இருக்கத்தான்.