வேரே இல்லாத ஆல்ட்ரோவாண்டாவை எப்படிப் பெருக்குவது?

வேர் இல்லாததால்தான் வேலை சுலபம். தண்ணீருக்குள் மிதந்தபடி நுனியில் வளர்ந்து, பின்முனையில் அழுகிக் கழன்றுகொண்டே போகும் ஊனுண்ணிச் செடி இது. தண்டில் பக்கக்கிளை வந்து நாலைந்து இலையடுக்கு வைத்ததும் மெல்லப் பிரித்து விடுங்கள், தனிச் செடியாகிவிடும். விட்டுவைத்தால் தானாகவே பிரியும். பூப்பதே அரிது என்பதால் விதையை நம்ப வேண்டாம்.

பிழைக்க வைப்பதுதான் பெரும்பாடு. முதல் எதிரி நூல்பாசி. சுற்றிக்கொண்டால் செடி திணறிப்போகும். அதனால் தண்ணீரில் உரம் போடவே கூடாது. காய்ந்த கோரைத்தாள் ஊறி இளந்தேநீர் நிறத்தில் இருக்கும், லேசாகப் புளிப்பேறிய மென்னீர்தான் இதற்குப் பிடிக்கும். கூடவே நல்ல வெளிச்சமும் கரைந்த கரியமில வாயுவும் வேண்டும்.

சாப்பாட்டுக்குத் தண்ணீர்த்தெள்ளு எனும் பொடி நீருயிரிகளை விடுங்கள். இதன் இலைதான் பொறி. சில மில்லிமீட்டர் அகலமே உள்ள அது, இரை பட்டதும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் மூடிவிடும், கண்ணுக்கே தெரியாது. பிறகு பார்த்தால் கண்ணாடி போன்ற இலைக்குள் கறுப்புப் புள்ளியாக இரை. இரை கிடைக்கும் செடிதான் வேகமாகக் கிளைக்கும்.

குளிர்நாட்டு வகையென்றால் குளிர்காலத்தில் நுனி இறுகி மொட்டாகி அடியில் அமிழும். செத்துவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள்! வெப்பம் திரும்பியதும் மேலே வந்து தளிர்க்கும்.