முடிவெடுக்கப் பழக்குவது எப்படி?

வணக்கம். என் கீழே நான்கு டீம் லீடர்கள் இருக்கிறார்கள். வேலையில் எல்லாருமே கெட்டி, அதனால்தான் பதவி உயர்வு கொடுத்தோம். ஆனால் யாருக்கு எப்போது விடுப்பு தருவது என்பதில் தொடங்கி, வாடிக்கையாளருக்கு என்ன பதில் எழுதுவது என்பது வரை எல்லாவற்றுக்கும் என்னிடம் வந்து நிற்கிறார்கள். மேலாண்மைப் பயிற்சிக்கும் அனுப்பிப் பார்த்தோம், மாற்றமில்லை. இவர்களை எப்படி வளர்ப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவர்கள் வந்து நிற்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. பதில் சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். அப்படியானால் பயிற்சி வகுப்பில் என்ன கேட்டிருந்தாலும், கேட்டுவிட்டுச் செய்வதுதான் பத்திரம் என்று உங்கள் அறையில் தினமும் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த முறை யாராவது வந்தால், “நீங்க என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவர் சொல்வது உங்கள் வழி இல்லையென்றாலும், பெரிய சேதம் வராது என்றால் விட்டுவிடுங்கள்.

எதையெல்லாம் விடலாம்? அமேசான் பங்குதாரர்களுக்கான 2015ஆம் ஆண்டுக் கடிதத்தில் ஜெஃப் பெசோஸ் முடிவுகளை இரண்டாகப் பிரித்தார். எடுத்தால் திரும்ப முடியாதவை ஒரு வகை, சரிவராவிட்டால் மாற்றிக்கொள்ளக் கூடியவை இன்னொரு வகை. இரண்டாவது வகையைத் தனி ஆட்களோ சிறு குழுக்களோ சீக்கிரம் எடுத்துவிடலாம் என்பது அவர் வாதம். விடுப்பு, வேலைப் பங்கீடு, வழக்கமான கடிதங்கள் எல்லாம் இதில்தான் வரும். இவை இனி உங்களுடையவை என்று எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

அப்புறம்தான் கஷ்டமான இடம். அவர்களில் ஒருவர் எடுத்த முடிவு ஒருநாள் தவறாகப் போகும். “இது முன்னாடியே தெரிஞ்ச விஷயம்தானே” என்று உங்களுக்குத் தோன்றும். விளைவு தெரிந்த பிறகு எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும் என்பதை பாருக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975இலேயே சோதனைகளில் காட்டியிருக்கிறார். அந்த எண்ணத்தோடு நீங்கள் ஒரு வார்த்தை கடிந்துகொண்டால் போதும், நால்வரும் மறுபடி உங்கள் வாசலில் நிற்பார்கள்.

அதனால் கொஞ்சம் கனமான முடிவு எதுவானாலும், எடுக்கும் முன் சில வரிகள் எழுதி வைக்கச் சொல்லுங்கள்: வேறு என்ன வழிகள் இருந்தன, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன், எப்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். சில வாரம் கழித்து அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு பேசுங்கள். தெரிந்ததை வைத்துச் சரியாக யோசித்திருந்தால், விளைவு மோசமானாலும் அது நல்ல முடிவுதான். யோசிக்காமல் எடுத்த முடிவு அதிர்ஷ்டத்தால் பலித்திருக்கவும் கூடும். வெற்றி பெற்றவற்றையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான மேலாளர்கள் தோல்வியை மட்டும்தான் விசாரிக்கிறார்கள்.

திரும்ப முடியாத முடிவுகள் உங்களிடமே இருக்கட்டும். ஆனால் கூட்டத்தில் அவர்களையும் உட்கார வைத்து, நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். கேரி க்ளைன் என்ற உளவியலாளர் சொன்ன ஒரு முறை உண்டு: இந்தத் திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். மேலதிகாரியை எதிர்த்துப் பேசத் தயங்குபவரும் இதில் தன் சந்தேகத்தைச் சொல்லிவிடுவார்.

இன்னொன்று. நால்வரில் யாருக்காவது மேலாளர் வேலையே பிடிக்காமல் இருக்கலாம். தனியாகக் கேளுங்கள். அதற்கு முன், சம்பளம் குறையாமல் அவர் பழைய வேலைக்குத் திரும்ப வழியுண்டா என்று நிர்வாகத்திடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.