ஓசூரில் மொட்டை மாடியில் இருந்து டிஎஸ்எல்ஆரில் வானத்தைப் படம் எடுக்க எந்த ஒளிமாசு ஃபில்டர் வாங்கலாம்?

ஓசூர் மொட்டை மாடி என்கிறீர்கள். சரி, முதலில் தெருவிளக்கைப் பாருங்கள். மஞ்சள் சோடியம் விளக்கு என்றால் அதன் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியே குவிந்திருக்கும். சாதாரண ஒளிமாசு ஃபில்டரே நன்றாகக் குறைத்துவிடும். வெள்ளை எல்இடி எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கும். அதற்கு, நெபுலா என்னும் விண்வெளி வாயு மேகங்கள் ஒளிரும் 500.7, 656.3 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை மட்டும் விடும் டூயல் பேண்ட் ஃபில்டர்தான். ஓரியன் நெபுலாவின் சிறகுகள் சாம்பல் வானத்திலிருந்து பிரிந்து தெரியும். ஆனால் மாற்றம் செய்யாத கேமராவின் உள்ஃபில்டர் அந்த 656.3 சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்; எக்ஸ்போஷரை நீட்டுங்கள்.

ஆண்ட்ரோமெடா கேலக்ஸிக்கு இந்த டூயல் பேண்ட் வேண்டாம். கேலக்ஸியின் ஒளியும் எல்லா நிறத்திலும் வருவதுதான், அதையும் சேர்த்து வெட்டிவிடும். அதற்கு நான் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, வானம் இருட்டாக இருக்கும் அஞ்செட்டி பக்கம் வண்டியை விடுவேன்.