தாகத்துக்குத் தா

கேள்வி: எங்கள் சபை வாலிபர்கள் இரண்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் பக்கத்து ஊரில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்துவருகிறோம். ஒருவரும் நின்று கேட்பதில்லை. 'முதலில் நட்பு, பிறகு சுவிசேஷம்' என்று இப்போது தீர்மானித்து, ஆளுக்கு மாதம் இரண்டு புதிய நண்பர்கள் என இலக்கு வைத்திருக்கிறோம். ஆறு மாதம் பழகியும் அசையாதவர்களை விட்டுவிட்டு வேறு ஆட்களைப் பார்க்கலாமா?
(ஒரு வாசகர், நாங்குநேரி வட்டாரம்)

பதில்: விட வேண்டியது அவர்களை அல்ல தம்பி, அந்த இலக்கை.

ஆறு மாதக் கெடு வைத்துப் பழகுவதற்கு நட்பு என்று பெயரில்லை. கெடு முடிந்த மறுவாரம் நீங்கள் அவர் வீட்டுப் பக்கம் போகாவிட்டால், எதற்காக வந்தீர்கள் என்பது தெருவுக்கே விளங்கிவிடும். அதன்பின் தேவன் நிபந்தனையின்றி நேசிக்கிறார் என்று அந்தத் தெருவில் எந்த வாயால் சொல்வீர்கள்?

இந்த விஷயத்தில் நம் மண்ணுக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்துக் குருவானவரின் மகனாகப் பிறந்த வே. ச. அசரியா, 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் எழுந்து நின்று பேசியது என்ன? ஏழைகளுக்காக உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். தியாகத்தில் குறைவில்லாத மிஷனெரிகளைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டார். பள்ளியும் மருத்துவமனையும் தந்தவர்கள் சமமாக உட்கார மட்டும் தயங்கினார்கள் என்பதே அவருடைய வேதனை. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர் அவர். பிறகு தாமே தோர்ணக்கல்லுக்குப் போய், தெலுங்கு மக்கள் நடுவில் வாழ்ந்தவர். அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி அவருக்கு இருந்தது.

இன்று அதே கேள்வியைப் பக்கத்து ஊர்க்காரர் நம்மிடம் கேட்டால்? சபையின் அசன விருந்துக்கு ஊரையே அழைத்து இலை போடுகிறோம். அருமையான வழக்கம், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பந்தியிலும் பரிமாறுகிறவர்கள் நாம்தான். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் தந்த நீச்சத்தண்ணியை நீங்கள் குடித்தது எப்போது? சாதி கிழித்த கோட்டை உங்கள் கால் தாண்டாதபோது, கைப்பிரதி மட்டும் தாண்டிப் போய் என்ன செய்யும்?

சமாரியப் பெண்ணிடம் இயேசு முதலில் பேசியது, "தாகத்துக்குத் தா" என்பதுதான். யூதர் சம்பந்தம் கலவாத சமாரியரிடம், தண்ணீர் மொண்டுகொள்ளப் பாத்திரம்கூட இல்லாமல், கேட்கிறவராக உட்கார்ந்தார். ஜீவத்தண்ணீரைப் பற்றிய பேச்சு பிறகுதான் வந்தது. நீங்களும் கேளுங்கள். மோட்டார் பழுதானால் அவரை அழையுங்கள். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர அவர் மகளைக் கேளுங்கள். அவர்களிடம் உங்களுக்குத் தேவை எதுவும் இல்லை என்று இருக்கும்வரை, நீங்கள் தர்மகர்த்தாதான்.

அதற்காக விசுவாசத்தை ஒளித்துவைக்கச் சொல்லவில்லை. ஒளித்துவைத்து ஆறாம் மாதம் எடுத்து நீட்டுவதுதான் வஞ்சகம். நான் கிறிஸ்தவன், உனக்காக ஜெபிக்கிறேன், நீ அவரை அறிய வேண்டும் என்பது என் ஆசை என்று முதலிலேயே சொல்லிவிடலாம். அவர் வேண்டாம் என்றாலும் நீங்கள் போய்க்கொண்டிருக்க வேண்டும். கோயில் கொடை விழாவுக்கு அழைத்தால், படையல் உண்ண மனச்சாட்சி இடம் தராவிட்டால் அதையும் நேராகச் சொல்லுங்கள். மறுநாள் அவர் வீட்டில் சாப்பிடுங்கள்.

என் தகப்பனாருக்கு நாற்பது ஆண்டு நண்பர் ஒருவர் இருந்தார். நெற்றி நிறைய விபூதியோடு வந்து, அப்பாவின் பெட்டிக்குத் தோள் கொடுத்தார். ஞானஸ்நானம் பெறவில்லை. அப்பாவின் வேதாகமத்தில் இருந்த ஜெபக் குறிப்புத் தாளில், மங்கிய மையின்மேல் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, அவர் பெயர் கடைசிவரை இருந்தது. நாற்பது ஆண்டு வீண் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கெடு முடிந்தவர் வீட்டுக்கே இந்த ஞாயிறும் போங்கள். கைப்பிரதி வேண்டாம். போனதும் குடிக்கத் தண்ணீர் கேளுங்கள்.