ஹெக்ஸ் ஆட்டத்தில் ஒட்டி ஒட்டி மறித்தும் ஏன் தோற்கிறேன்?

ஒட்டி மறிப்பதால்தான். எதிராளி காய்க்குப் பக்கத்திலேயே வைத்தால், அவர் அடுத்த கட்டத்தில் சுற்றிக்கொண்டு போய்விடுவார். நான்கைந்து கட்டம் முன்னால் போய் நின்று மறியுங்கள்.

விதி உங்களுக்குத் தெரிந்ததுதான்: 11க்கு 11 அறுகோணக் கட்டங்கள், முறைக்கு ஒரு காய், தன் நிறத்து எதிரெதிர் ஓரங்களை இணைப்பவருக்கு வெற்றி. வைத்த காய் நகராது, வெட்டும் கிடையாது. டிராவும் வரவே வராது. ஒருவரை முழுதாக மறிக்க வேண்டுமானால் மற்றவர் பாதை முடிந்தே ஆக வேண்டும். 1942இல் டென்மார்க்கின் பீட் ஹைன் உருவாக்கிய இந்த ஆட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த அழகு இதுதான்.

அப்புறம், பாலம். உங்கள் இரண்டு காய்கள் ஒட்டாமல் நிற்கின்றன, நடுவே இரண்டையும் தொடும் இரண்டு காலிக் கட்டங்கள். எதிராளி ஒன்றில் நுழைந்தால் நீங்கள் மற்றதில் வையுங்கள், இணைப்பு அறாது. அவர் நுழையும்முன் நீங்களாகவே அடைத்தால் ஒரு முறை வீண். இரண்டு பாலங்களுக்கு ஒரே காலிக் கட்டம் பொதுவாக இருந்தால் மட்டும் கவனம்: அங்கே ஒரு காய் வைத்து இரண்டையும் மிரட்டிவிடுவார்.

முதலில் ஆடுபவருக்குச் சாதகம் அதிகம். அதனால் முதல் காயை எதிராளி தனதாக்கிக்கொள்ளலாம் என்ற மாற்று விதியோடு ஆடுங்கள். அப்போது நடுக்கட்டத்தில் தொடங்காதீர்கள்.