பத்துக்குப் பத்து அறையில் குயில்ட் தைக்க

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "நான்கு வருடமாகக் குயில்ட், அதாவது துணித் துண்டுகளை இணைத்துச் செய்யும் போர்வை, தைக்கிறேன். கல்யாணமாகிப் போன மகளின் அறைதான் இப்போது என் தையல் அறை. பத்துக்குப் பத்து. ஒரு இரும்பு பீரோ, மோட்டார் பொருத்திய மெஷின், ஒரு மேசை, அவ்வளவுதான். தைக்க உட்கார்ந்தால் அரை மணி நேரம் தேடுவதிலேயே போய்விடுகிறது. மூன்று போர்வைகள் பாதியில் நிற்கின்றன. எந்தத் துண்டை எதற்காக வெட்டினேன் என்றே தெரியவில்லை. போன மழைக்கு பீரோவின் அடித்தட்டில் பூஞ்சணம் வேறு. இன்னொரு பீரோ வாங்கிவிடட்டுமா?"

வாங்க வேண்டாம், சகோதரி. இன்னொரு பீரோ வந்தால் அதுவும் மூன்று மாதத்தில் நிரம்பிவிடும். பல குயில்ட் அறைகளைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: துணி அதிகமாக இருப்பதால் அறை அலங்கோலமாவதில்லை. பாதியில் நிற்கும் வேலையும், புதுத் துணியும், வெட்டுத் துண்டும் ஒன்றோடொன்று கலப்பதால்தான் ஆகிறது. இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் உங்கள் ஒரு பீரோவே போதும்.

முதலில் பாதியில் நிற்கும் போர்வைகளைக் கவனியுங்கள். ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை வாங்கினால் ஒரு அட்டைப்பெட்டி தருவார்கள் இல்லையா, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு போர்வைக்கு ஒரு பெட்டி. வெட்டிய துண்டுகள், அந்தப் போர்வைக்கென்று ஒதுக்கிய மீதித் துணி, அதே நூல் சுற்றிய ஒரு பாபின் (மெஷினில் அடிநூல் சுற்றும் சின்ன உருளை), எல்லாம் அதற்குள்ளேயே இருக்கட்டும். மேலே ஒரு தாள் வையுங்கள். அதில் கட்டத்தின் (துண்டுகளை இணைத்துத் தைத்த ஒரு சதுரப் பகுதி) அளவு, மொத்தம் எத்தனை கட்டம், எத்தனை முடிந்தது என்று எழுதுங்கள். தாளின் முதல் வரியில் மட்டும், அடுத்து செய்ய வேண்டிய வேலையைப் பென்சிலால் எழுதுங்கள். 'நீலப் பட்டையை ஆறாவது வரிசையில் சேர்க்கணும்' என்பது போல. எழுந்திருக்கும்போது அரை நிமிடம் செலவழித்து அந்த வரியை எழுதிவிட்டால், பத்து நாள் கழித்து உட்கார்ந்தாலும் கை நேராக வேலைக்குப் போகும். உங்கள் அரை மணி நேரத் தேடலில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது வெட்டுத் துண்டுகள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்மில் பலர் தடுமாறுவது இங்கேதான். பையில் திணித்து வைத்த துண்டு கண்ணிலும் படாது, கைக்கும் வராது. ஒரு போர்வை முடிந்த அன்றே மிச்சத் துண்டுகளை அளவாக வெட்டிவிடுங்கள். எந்த அளவு? எனக்குப் பிடித்தது இரண்டரை, நாலரை, ஆறரை இன்ச் சதுரங்கள். இந்த மூன்றும் ஒரே குடும்பம். கால் இன்ச் தையல் விட்டு இரண்டு இரண்டரை இன்ச் சதுரங்களை இணைத்தால் அகலம் நாலரை வரும். மூன்றை இணைத்தால் ஆறரை. அதாவது நான்கு சின்னச் சதுரம் சேர்ந்தால் ஒரு நடுத்தரச் சதுரத்தின் இடத்தில் அப்படியே உட்காரும். ஒன்பது சேர்ந்தால் பெரிய சதுரத்தின் இடத்தில். எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். மூன்று இன்ச், நான்கு இன்ச் என்று கை போன போக்கில் வெட்டி வைத்தால் இந்த வசதி கிடைக்காது.

நீளமாக வருவதை இரண்டரை இன்ச் பட்டையாக வெட்டிச் சுருட்டி வையுங்கள். ஓரம் கட்ட அதுவே போதும். ஒன்றரை இன்ச்சுக்கும் குறைவானதை என்ன செய்வது என்று மனசு அடித்துக்கொள்ளும். குண்டூசி குத்தும் மெத்தைக்குள் அடைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டியதில்லை.

சரி, இப்போது முழுத் துணி. பீரோவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அடியில் இருப்பதை எடுக்கும்போது மொத்தமும் சரியும். புத்தகம் போல நிற்க வைக்க வேண்டும். அதற்கு எல்லா மடிப்பும் ஒரே அளவில் வர வேண்டும். நீங்கள் வைத்திருக்கும் ஆறு இன்ச் அகல ஸ்கேல்தான் அச்சு. 44 இன்ச் அகலத் துணியைக் கரையோடு கரை சேர்த்து மடியுங்கள், 22 ஆகும். இன்னொரு மடிப்பு, 11. இப்போது ஒரு முனையில் ஸ்கேலை வைத்து, துணியை அதன்மேல் சுற்றிக்கொண்டே போங்கள். முடிந்ததும் ஸ்கேலை உருவிவிட்டு நடுவில் ஒரு மடிப்பு. ஒரு மீட்டர் துணியும் மூன்று மீட்டர் துணியும் ஒரே உயரத்தில் நிற்கும், தடிமன்தான் மாறும். அரை மீட்டருக்குக் குறைந்ததை இந்த வரிசையில் சேர்க்காமல் தனியாக ஒரு கூடையில் போடுங்கள்.

நிறவாரியாக அடுக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பால் வெள்ளையும் சந்தன வெள்ளையும் ஒன்றாகத்தான் தெரியும். நான் அப்படி ஒரு தொட்டில் போர்வையில் இரண்டு வெள்ளையையும் கலந்து தைத்துவிட்டு, காலையில் மாடிக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு பதினெட்டுக் கட்டங்களைப் பிரித்தேன்.

மேசையை வெட்டுவதற்கு மட்டும் ஒதுக்குங்கள். அது சமையல் மேடை உயரத்துக்கு, சுமார் 34 முதல் 36 இன்ச் வரை, இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்துங்கள். குனிந்து வெட்டினால் இடுப்பு தாங்காது. கட்டிங் மேட்டை (வெட்டும்போது துணிக்கு அடியில் விரிக்கும் பலகை) ஒருபோதும் வெயில் படும் ஜன்னலோரம் சாய்த்து வைக்காதீர்கள். வளைந்துவிட்டால் பழையபடி தட்டையாவது கஷ்டம். கட்டிலுக்கு அடியில் படுக்கையாக வையுங்கள். அயர்ன் பாக்ஸைக் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் இரண்டு அடி எடுத்து வைத்துப் போகிற தூரத்தில் வைக்கத்தான் சொல்வேன். ஒவ்வொரு தையலையும் அழுத்த எழுந்து நடந்தால் முதுகுக்கு அதுவே ஓய்வு.

கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவரை வீணாக்காதீர்கள். ஒரு பழைய ஃபிளானல் (மெல்லிய இழை எழுந்த மென்துணி) விரிப்பை அங்கே இழுத்து ஆணி அடியுங்கள். பருத்தித் துண்டுகள் அதில் தானாகவே ஒட்டி நிற்கும். தள்ளி நின்று நிறம் பொருந்துகிறதா என்று பார்க்கலாம், மாற்றி வைக்கலாம். மின்விசிறி ஓடினால் பறக்கும் என்பதால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குண்டூசி. முடிவானதும் ஃபோனில் ஒரு படம், அப்புறம் வரிசைக்கு ஒரு எண் எழுதிய சீட்டு.

சின்னப் பொருள்களுக்குப் பழைய அஞ்சறைப் பெட்டியைவிட நல்ல பெட்டி நான் பார்த்ததில்லை. மெஷின் ஊசிகளை 11, 12, 14 என்று எண்வாரியாகக் கிண்ணங்களில் போடுங்கள், இன்னொன்றில் சாக்பீஸ், இன்னொன்றில் ஊக்கு. மழுங்கிய ஊசியும் ரோட்டரி கட்டரின் (வட்ட பிளேடை உருட்டித் துணி வெட்டும் கருவி) தேய்ந்த பிளேடும் மட்டும் மூடி இறுகிய தனி டப்பாவுக்குப் போக வேண்டும். குண்டூசியை எண்ணி வையுங்கள். ஐம்பது எடுத்தால் ஐம்பதும் திரும்ப வர வேண்டும். குழந்தை படுக்கப் போகிற போர்வை, இதில் அலட்சியம் கூடவே கூடாது.

கடைசியாகப் பூஞ்சணம். பாதித்த துணிகளை அறைக்குள் உதறாதீர்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் பிரஷ்ஷால் தட்டி, சோப்புத் தூள் போட்ட வெந்நீரில் துவைத்து, நல்ல வெயிலில் காய வையுங்கள். வாடை முழுவதும் போன பிறகுதான் உள்ளே வர வேண்டும். பாச்சா உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்துக்கு அது உதவாது. பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல்கடை நகர்த்துங்கள், அடித்தட்டில் துணி வேண்டாம், அங்கே சேலைப் பெட்டிகளும் வேண்டாம், ஸ்கேலும் டப்பாக்களும் இருக்கட்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும், துவைத்த பழைய தலையணை உறை நல்லது. கஞ்சி போட்ட துணியை மட்டும் எடுத்து வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் உயிர். வெட்டப் போகிற அன்றைக்குக் கஞ்சி போட்டால் போதும். மழை விட்டு வெயில் அடிக்கிற நாளில் பீரோவின் இரண்டு கதவையும் திறந்து வைத்து, விசிறியை ஒரு மணி நேரம் ஓட விடுங்கள்.